கைய மட்டும் அவிக்க முடியல

அண்ணாச்சி, அந்த வெத்தலப் பைய கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி வச்சிக்கிடுதியளா? தப்பா நினைக்காதிய. ஒங்க பைல ஒரு குறையும் இல்ல, நல்ல பைதான். என் பொட்டலம்தான் கொஞ்சம் ஒரு மாதிரி. பச்சைத் துணியில ரெண்டு சுத்து சுத்தி மேல டேப்பு ஒட்டியிருக்கேன் பாருங்க. டேப்புல கறுப்பு கறுப்பா கோடு தெரியுதுல்லா? அது ஒட்டும்போது வெளிறிப்போய்த்தான் இருக்கும். சூட்டுல, ஆவியில கெடந்தாத்தான் கறுக்கும். இப்ப ஒங்க வெத்தல ஈரம் இதுல பட்டுட்டுன்னு வைங்க, போச்சு. நனைஞ்ச பொட்டலம் செத்த பொட்டலம். எங்க தொழில்ல அதுதான் சட்டம்.

உள்ள என்னவா? என்னத்த இருக்கும். பிள்ளைக்குச் சட்ட, துணி, ஒரு குல்லா. வேற ஒண்ணும் இல்ல.

சிரிக்கிய பாத்தியளா. எல்லாரும் அப்படித்தான் சிரிக்காவ. சிரிங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. நான் யாரையும் குறை சொல்ற ஆளு இல்ல.

நம்ம பேரு வேலாயுதம். கோவில்பட்டில ஒரு ஆஸ்பத்திரில இருக்கேன். டாக்டரா? அய்யய்யோ, இல்ல. கம்பவுண்டரும் இல்ல. ஆட்டோகிளேவ் பாக்கேன். ஆப்பரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து ரூமுதான் நம்ம ரூம். வீட்ல குக்கர் இருக்குல்லா, அதே சங்கதிதான், ஆனா ஒரு ஆளு உள்ள படுத்துக்கிடலாம், அவ்வளவு பெரிசு. கத்தி, கத்திரி, இடுக்கி, டாக்டர்மாரு போடுத அங்கி எல்லாத்தையும் கட்டி, ட்ரம்முல அடுக்கி உள்ள தள்ளி, கதவச் சாத்தி, சக்கரத்தத் திருகி இறுக்கணும். ஆவி ஏறும். பதினஞ்சு பவுண்டு பிரஷர்ல அரை மணி நேரம் நின்னுதுன்னா உள்ள ஒரு கிருமி உசிரோட இருக்காது. அவசரப்பட்டு கதவத் தெறந்தியன்னா நம்ம உசிரும் இருக்காது. பிரஷர் முள்ளு இறங்குற வரைக்கும் பொறுமையா நிக்கணும். எனக்கு பொறுமைதான் அண்ணாச்சி. எதுலயும் அவசரப்பட மாட்டேன்.

அந்தா, முன்னால டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல மஞ்சச் சேல உடுத்திருக்கா பாருங்க, ஜன்னலோரமா. அவதான் நம்ம வீட்டுக்காரி, கனிச்செல்வி. மடியில இருக்கது எம் மக. கோமதின்னு பேரு. கோமதியம்மன் குடியிருக்க ஊரு, சங்கரன்கோவில்காரவ வேற என்ன பேரு வைப்பாவ. பிரசவத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் தாய் வீட்ல இருந்து கூட்டிட்டு வாரேன்.

கூட்டிட்டு வாரேன்னு முழுசாச் சொல்லவும் முடியாது. ஒரு நிபந்தனை போட்டிருக்கா. இந்த பஸ்ஸு கோவில்பட்டி போய்ச் சேர்றதுக்குள்ள நான் ஒரு காரியம் செய்யணும். செய்யலன்னா, பஸ் ஸ்டாண்டுல இறங்கி அடுத்த பஸ்ஸப் பிடிச்சு அம்மா வீட்டுக்கே திரும்பிருவாளாம். சொன்னா செய்வா. அந்தக் குணம் அவளுக்கு உண்டு.

என்ன காரியமா? சின்னக் காரியந்தான். பிள்ளைய நான் கையில வாங்கணும். அவ்வளவுதான்.

ஏன் அண்ணாச்சி இப்படிப் பாக்கிய? வாங்குவேன். வாங்க மாட்டேன்னா சொன்னேன்? பிள்ளைக்கு மூணு மாசம் ஆகுது, நேரம் அமையல. கழுகுமலையே இன்னும் வரல. பாதி தூரம் கெடக்கு.

நீங்களே கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க.

கல்யாணம் ஆன புதுசுலயே ஆரம்பிச்சிட்டு இது. வீட்ல நாங்க ரெண்டு பேருதான். தியேட்டர்ல எப்படி இருக்கும்னா, அழுக்கு வார எடம், சுத்தமான எடம், அதுக்கும் மேல சுத்தமான எடம்னு மூணாப் பிரிச்சிருக்கும். அங்க இருக்கவன் இங்க வரக்கூடாது. நல்ல ஏற்பாடுல்லா? அதையே வீட்லயும் செஞ்சேன். வாசல்ல இருந்து செருப்பு கழத்துற எடம் வரைக்கும் அழுக்கு. முன்ரூமு சுத்தம். அடுப்படியும் கட்டிலும் அதுக்கும் மேல. சிமெண்டுத் தரையில சிவப்புப் பெயிண்டு வாங்கி கோடு போட்டேன், யாருக்கும் சந்தேகம் வந்துறக் கூடாதேன்னு. மறுநாள் டூட்டி முடிஞ்சு வந்து பாக்கேன், என் சிவப்புக் கோட்டச் சுத்தி கொடி இழுத்து, பூ வச்சு, கோலம் போட்டு வச்சிருக்கா. என்னளா இதுன்னா, "கோடு மொட்டையா இருந்துச்சு, பாவமா இருந்துச்சு"ங்கா. கோட்டுக்கு என்ன பாவம்?

இன்னொரு நாளு, சட்டைப் பையில கெடந்த டேப்பக் கிழிச்சு, நான் தூங்கிட்டு இருக்கேன், என் கன்னத்துல ஒட்டிட்டா. எந்திரிச்சு கண்ணாடியப் பாத்தா, வெளிறின கோடு கோடா மூஞ்சில. "கோடு கறுக்கவே இல்லையே. நீங்க இன்னும் வேகல"ன்னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிக்கா. தியேட்டர் சாமான் அது. வெளையாடுறதுக்கா வச்சிருக்கு? நான் கோவமா இருந்தேன். அவ சிரிச்சிக்கிட்டே இருந்தா. எதுக்கெடுத்தாலும் சிரிப்பா அப்ப.

சுத்தம்னா எனக்குக் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான் அண்ணாச்சி. அத ஒரு வியாதி மாதிரிப் பேசுதாவ.

அவ முழுகாம இருந்தா. தலைப் பிரசவம் தாய் வீட்லதான, சங்கரன்கோவில்லயே பாத்துக்கிடுவோம்னு மாமாவும் அத்தையும் சொன்னாவ. நான் ஒத்துக்கிடல. அங்க கத்திய யாரு அவிக்கா, எப்படி அவிக்கா, எனக்கு என்ன தெரியும்? ட்ரம்முக்குப் பக்கவாட்டுல ஓட்ட இருக்கும் அண்ணாச்சி, தள்ளுற மூடியோட. உள்ள வைக்கும்போது தெறந்து வைக்கணும், வெளிய எடுத்ததும் மூடணும். தெறக்க மறந்துட்டாம்னா ஆவி உள்ளயே போகாது. வெளிய பாத்தா வெந்த மாதிரி இருக்கும், உள்ள பச்சை. எவனோ ஒருத்தன் மறதியில எம் பொண்டாட்டி உசிர வைக்கச் சொல்லுதியளா? எங்க ஆஸ்பத்திரிலதான்னு பிடிவாதமா நின்னுட்டேன். அத்தைக்கு அதுல வருத்தம்தான். சீர் முறுக்கெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சுல வச்சு குடுக்க வேண்டியதாப் போச்சு.

ஆப்பரேஷன்தான் பண்ணணும்னுட்டாவ. அதுக்கு வேண்டிய கத்தி, கத்திரி செட்ட நானே கட்டினேன். ஒரு தடவ போட்டு எடுத்தேன். சந்தேகமா இருந்துச்சு, மறுபடி போட்டேன். டாக்டரம்மா வந்து, "வேலாயுதம், அந்தக் கத்தி தப்பு ஒண்ணும் செய்யலப்பா, விட்ரு"ன்னாவ. அவ உள்ள இருக்கா, நான் இந்தப் பக்கம் மெஷின் முன்னால நிக்கேன். மெஷின்ல ஒண்ணுமே இல்ல, காலி. சும்மா அந்த முள்ளப் பாத்துக்கிட்டு நிக்கேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுத சத்தம் கேட்டுச்சு. அப்படியே உக்காந்துட்டேன்.

ஜெபராணி சிஸ்டர்னு ஒருத்தர் இருக்காவ, என்னைய விட வயசுல மூத்தவ, தியேட்டரே அவ கையிலதான். பிள்ளைய பச்சைத் துண்டுல சுத்தி வெளிய கொண்டாந்தாவ. நான் அவிச்ச துண்டு. "வேலு, பிடிடா ஒன் மகள"ன்னு நீட்டினாவ.

நான் கையப் பாத்தேன்.

காலைல வேற ஒரு கேசு முடிஞ்சு, ரத்தமும் சீழுமா சாமான் வந்துச்சு, நான்தான் கழுவினேன். கையுறை போட்டுத்தான். அதுக்கப்புறம் கைய சோப்பு போட்டுக் கழுவினேன், முழங்கை வரைக்கும். திருப்பியும் கழுவினேன். ஆனா கழுவினது வேற, அவிச்சது வேற அண்ணாச்சி. எத்தன வருசமா இந்தக் கையில என்னென்ன அள்ளியிருக்கேன்னு எனக்குத்தான தெரியும். கத்திய அவிக்கலாம். துணிய அவிக்கலாம். கைய அவிக்க முடியாதே. அந்தப் பிள்ளை அப்படி இருந்தா. இப்பத்தான் மெஷின்ல இருந்து எடுத்த மாதிரி, ஒருத்தரும் தொடாம, புதுசா. அவ மேல மொதல்ல படுறது இந்தக் கையான்னு இருந்துச்சு.

கை ரெண்டையும் மேல தூக்கிக்கிட்டே பின்னால போனேன். சுவரு முதுகுல இடிச்சிட்டு. "என்னடா, நான் என்ன துப்பாக்கியா நீட்டுதேன்?"ன்னு சிஸ்டர் சிரிச்சாவ. அங்க நின்ன எல்லாரும் சிரிச்சாவ. அப்புறம் சிஸ்டர் பிள்ளைய மாமா கையில குடுத்துட்டாவ.

மாமாவுக்கு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இட்லிக்கட. கை எப்படி இருக்கும்? நகக்கண்ணுல மாவு காஞ்சு போய்க் கெடக்கும், தோள்ல ஒரு துண்டு, அதுலதான் மேசையும் தொடைப்பாவ, மூஞ்சியும் தொடைப்பாவ. அந்தக் கைக்குத்தான் எம் மக மொதல்ல போனா. "ஏட்டி, தாத்தாவப் பாரு"ன்னு கொஞ்சுதாவ. எனக்கு வயித்தெரிச்சல் தாங்கல. அவ்வளவு அழுக்குக் கைன்னு வயித்தெரிச்சல். வேற எதுக்கு?

கனிக்கு முழிப்பு வந்ததும் என்னையத்தான் கேட்டிருக்கா. போனேன். "பிள்ளை யாரு மாதிரி இருக்கா?"ன்னு கேட்டா. "கிட்டத்துல பாக்கல"ன்னேன். உள்ளதச் சொன்னேன். அவ என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. மருந்து மயக்கம்னு நினைச்சேன்.

டாக்டரம்மாவும் கூப்பிட்டுச் சொன்னாவ. "நான் ஆப்பரேஷன் பண்ணுதேன், கை கழுவிட்டுத்தானப்பா பண்ணுதேன்?" "நீங்க கையுறை போடுதிய டாக்டர்"னேன். "எம் மகளத் தூக்கும்போது போடலையே"ன்னாவ. பெரிய மனுசங்க, எதுத்துப் பேசக் கூடாதுன்னு விட்டுட்டேன். அவங்க கை வேற, என் கை வேற.

ஆஸ்பத்திரில இருந்து தாயையும் பிள்ளையையும் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. சரி, பேரு வைக்கிற கதைக்கு வாரேன். அதுலயும் எம்மேல தப்பு இல்ல, கேளுங்க.

அத்தை பிள்ளைக்கு வசம்பு வளையல் கட்டி வச்சிருந்தாவ. கொழுந்தியா ஒரு கிலுகிலுப்ப வாங்கியிருந்தா, பச்சையும் மஞ்சளுமா, கிளி மாதிரி. வெள்ளைச் சட்ட ஒண்ணு. எல்லாம் கடைச் சாமான், எத்தன பேரு தொட்டதோ. "குடுங்க அத்த, நான் கொண்டு போய்ச் சுத்தம் பண்ணிட்டு அன்னைக்குக் கொண்டாரேன்"னு வாங்கிட்டு வந்தேன். அத்தை அப்பவே சொன்னாவ. "மாப்ள, அங்க நீங்க கத்திய அவிக்கிய, இங்க நாங்க இட்லிய அவிக்கோம். ரெண்டு பேரும் ஆவியிலதான் பிழைக்கோம். எங்க இட்லியத் தின்னு இந்த ஊர்ல யாரு செத்தா?" பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு. நான் கேக்கல. ட்ரம்முல வச்சு, ஓட்டையத் தெறந்து, முறையா அவிச்சு, கட்டு பிரிக்காம அன்னைக்குக் காலைல கொண்டு போனேன்.

சொந்தக்காரவ எல்லாரும் சுத்தி உக்காந்திருக்காவ. தொட்டில் கட்டியாச்சு. நடுவுல வச்சு கட்டப் பிரிச்சேன். டேப்புல கோடு நல்லாக் கறுத்திருந்துச்சு, அத எல்லாருக்கும் காட்டினேன். உள்ள பாத்தா, கிலுகிலுப்ப உருகி அப்பளமாக் கெடக்கு. வசம்பு கசாயமாப் போய், அந்தச் சாறு பூரா வெள்ளைச் சட்டையில ஏறி, சட்ட காப்பி கலர்ல இருக்கு. மாமாவோட அக்கா ஒருத்தி உண்டு, சும்மா இருப்பாளா? அந்த அப்பளத்தக் கையில தூக்கிப் பிடிச்சு, "ஏ பிள்ளேளா, மாப்ள கிளியத் தோசக்கல்லுல போட்டுட்டாவடி"ன்னா. கூட்டம் பூரா சிரிப்பு. கொழுந்தியாளுக்கு மட்டும் கண்ணு கலங்கிட்டு.

மட்டமான பிளாஸ்டிக்கு அண்ணாச்சி. நல்ல சரக்குன்னா தாங்கும். அதத்தான் நான் எடுத்துச் சொன்னேன். பிள்ளைய எடுத்து காதுல பேரச் சொல்லுங்கன்னு என்னையக் கூப்பிட்டாவ. நான் சட்ட இப்படி ஆயிட்டே, வேற சட்ட அவிச்சுக் கொண்டாந்து அப்புறம் சொல்லுதேன்னேன். மாமாவே எடுத்து காதுல சொல்லிட்டாவ.

அன்னைக்கு கனி சிரிக்கல. கோலம் போட்டவ, டேப்பு ஒட்டினவ, அன்னைக்குச் சிரிக்கல. அது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்துச்சு.

அதுக்கப்புறம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சரி, வாங்கிருவோம். முறையா வாங்கிருவோம். எங்கிட்ட என்ன இல்ல? ஒரு ஞாயித்துக்கிழம காலைல, அங்கி, குல்லா, மாஸ்க்கு, என் சைசுக்கு உறை பிரிக்காத கையுறை, எல்லாத்தையும் கட்டிக்கிட்டு சங்கரன்கோவில் போனேன். பஸ்ஸுல போட்டுக்கிட்டுப் போனா அழுக்காயிரும்லா? அதனால கட வாசல்ல வச்சுத்தான் போட்டேன். மாமா வீடு கடைக்குப் பின்னால. கடைக்குள்ள நுழைஞ்சுதான் போகணும், வேற வழி இல்ல. கையுறை போட்டாச்சுன்னா எதையும் தொடக்கூடாது. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா இப்படித் தூக்கி வச்சிக்கிட்டு, கதவ முதுகாலயே தள்ளிக்கிட்டு உள்ள போனேன்.

ஞாயித்துக்கிழம யாவாரம். கட நெறைய ஆளு. என்னையப் பாத்ததும் ஒருத்தரு வாய்க்குக் கொண்டு போன இட்லிய இலையில வச்சிட்டாரு. "ஏல, சுகாதார ஆபீசர் வந்துட்டாருடே"ன்னு ஒரு குரலு. "கடைல என்ன சீக்காம்?"னு இன்னொரு குரலு. நான் மாஸ்க்குக்குள்ள இருந்து ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்லுதேன், யாருக்குக் கேக்கு? எந்திரிச்சு கையக் கழுவாமக் கூட போறாவ. இலையெல்லாம் அப்படியே கெடக்கு, சாம்பார் ஊத்தினபடி. மாமா கரண்டியோட வந்து நின்னாவ. என் கண்ண மட்டும் வச்சு அடையாளம் கண்டுபிடிச்சிட்டாவ. "மாப்ள, சுத்தம் சோறு போடும்பாவ. ஒங்க சுத்தம் எங்க சோத்துல மண்ணுல்லா போடுது"ன்னாவ. சத்தம் போட்டுச் சொல்லல. அதான் கஷ்டமா இருந்துச்சு.

உள்ள போனேன். கனி பிள்ளைய வச்சிக்கிட்டு நிக்கா. நான் கைய நீட்டிட்டேன் அண்ணாச்சி. சத்தியமா நீட்டிட்டேன். பிள்ளை என் மாஸ்க்கப் பாத்துட்டு வீல்னு ஒரு கத்து. நிறுத்தவே இல்ல. கனி பிள்ளையத் தோள்ல சாச்சுக்கிட்டு, "பிள்ளை அப்பா மூஞ்சியத் தேடுதா. நீங்க மூஞ்சிய மூடிக்கிட்டு வாரிய"ன்னு சொல்லிட்டு உள்ரூமுக்குப் போயிட்டா. நான் அங்கியோட திண்டாடிக்கிட்டு நிக்கேன், முடிச்சு பின்னால, அவுக்கத் தெரியல. அத்தைதான் வந்து அவுத்து விட்டாவ.

அப்புறம் ஒரு போன் இல்ல. நானும் பண்ணல. என்னன்னு பண்ண? வீட்ல அந்தச் சிவப்புக் கோட்டச் சுத்தி அவ போட்ட கோலம் அழிஞ்சு போயிட்டு. வீடு ரொம்பச் சுத்தமா இருக்கு அண்ணாச்சி. ஒரு சத்தம் இல்ல, ஒரு சாமான் எடம் மாறாது. நான் வச்சது வச்ச எடத்துல இருக்கும். எனக்கு அங்க இருக்கப் பிடிக்கல. டூட்டி முடிஞ்சாலும் ஆட்டோகிளேவ் ரூம்லயே உக்காந்திருப்பேன். ஜெபராணி சிஸ்டர் வந்து, "ஏண்டா, ஒன்னையவே அவிச்சுக்கிடலாம்னு பாக்கியா?"ன்னு கேப்பாவ.

போன வாரம் கனியே கூப்பிட்டா. "வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னா. அப்புறம் சொன்னா அந்த நிபந்தனைய. அங்கி வேண்டாம், மாஸ்க்கு வேண்டாம், கையுறை வேண்டாம். வெறுங்கையில வாங்கணும். "எம் பிள்ளை அழுக்கா இல்ல நீங்க அழுக்கா, எனக்குத் தெரியாது. ரெண்டு அழுக்கும் ஒண்ணாச் சேந்தாத்தான் அது வீடு"ன்னா. இது என்ன பேச்சு? சுத்தத்தப் பத்தி ஒரு அடிப்படை கூட இல்லாத பேச்சு. ஆனா போன வச்சதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் அதையே நினைச்சிக்கிட்டு இருந்தேன்.

காலைல கிளம்புறதுக்கு முந்தி கைய எத்தன தடவ கழுவினேன்னு கேக்காதிய. தோலு உரிஞ்சிருக்கு, இந்தா பாருங்க.

என்ன சொல்லுதிய? இப்பவே போய் வாங்கட்டுமாவா? இப்ப பஸ்ஸு கம்பியப் பிடிச்சிருக்கேன்லா. இந்தக் கம்பிய எத்தன பேரு பிடிச்சிருப்பான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல குழாய் இருக்கு, அங்க இறங்கி... ஆமா, இறங்குறதுக்குள்ளன்னுதான் சொன்னா. தெரியும். தெரியும் அண்ணாச்சி.

எனக்குப் பயமா இருக்கு. போதுமா? சொல்லிட்டேன். ஒங்கள எனக்குத் தெரியாது, நீங்க இறங்கிப் போயிருவிய, அதனால சொல்லுதேன். என்னால அவளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா, அத எந்த மெஷின்ல போட்டுச் சரி பண்ண?

கழுகுமலை வந்துட்டு. எம்மா, என்ன கூட்டம்! முகூர்த்த நாளு போல. எல்லாம் தாம்பூலப் பையோட ஏறுது. கொஞ்சம் நெருங்கி உக்காருங்க அண்ணாச்சி. என் காலு, என் காலு. ஏ தம்பி, அந்த மூட்டைய அங்கயே வை.

ஏன் அவ எந்திரிக்கா? ஓ, அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணுக்கு எடம் விடுதா. இவளுக்கு இது தேவையா? கையில பிள்ளைய வச்சிக்கிட்டு இந்த நெரிசல்ல நிக்கா பாருங்க. பஸ்ஸு திரும்புனா என்ன ஆவா? எந்தப் பக்கம் பிடிப்பா? யாராச்சும் பிள்ளைய வாங்கி மடியில வச்சிக்கிடலாம்லா? இரக்கமே இல்லையா?

யாரோ கேக்காவ. அந்தப் பூ வச்ச அம்மா கைய நீட்டுதா. நல்லது. குடுத்துட்டா. என்னமோ சொல்லுதா, பின்பக்கம் கையக் காட்டுதா. என்னையவா காட்டுதா? "அவங்க அப்பா பின்னால இருக்காங்க"ன்னா சொல்லுதா?

அண்ணாச்சி, அந்தம்மா பிள்ளைய மடியில வைக்கல. பின்னால குடுக்கா!

ஏ, வேண்டாம்... அந்த ஆளு கையில வேர்க்கடல தின்னுக்கிட்டு இருந்தான், நான் பாத்தேன். சட்டையில தொடைக்கான், வாங்கிட்டான். அடுத்து அந்தக் கருவாட்டுப் பைக்கார அம்மா. அய்யோ, முத்தம் வேற குடுக்கா! யம்மா, முத்தமெல்லாம் குடுக்காதிய யம்மா! கேக்கலையே, யாருக்கும் கேக்கலையே. கண்டக்டரு. கண்டக்டர் அண்ணே, நீங்க எச்சி தொட்டு நோட்டு எண்ணுற ஆளு... வாங்கிட்டாரு. டிக்கெட்டு மிஷின அக்குள்ல இடுக்கிக்கிட்டு வாங்கிட்டாரு. "யாருய்யா அப்பா, யாருய்யா அப்பா"ன்னு கத்துதாரு. பஸ் பூராத் திரும்பிப் பாக்கு.

அழல பாத்தியளா. இத்தன கை மாறி வாரா, அழவே இல்ல.

அண்ணாச்சி, நீங்க வாங்குங்க. நீங்களே வச்சிக்கிடுங்க, கோவில்பட்டி வரைக்கும். இருங்க, விரல்ல சுண்ணாம்பு இருக்கு, அதத் தொடைங்க மொதல்ல. வேட்டியிலயா தொடைக்கிய? சரி, தொடைச்சாச்சுல்லா, வாங்குங்க. மெதுவா. வாங்கிட்டியளா. அப்படியே வச்சிக்கிடுங்க. ஏன் என்னையப் பாக்கிய? எங்கிட்ட நீட்டாதிய. அண்ணாச்சி, நான் கம்பியப் பிடிச்சிருக்கேன். அண்ணாச்சி...

அய்யோ.

தலைக்குக் கீழயா? இப்படியா? இந்தக் கைய இங்க வைக்கணுமா? விட்றாதிய, நீங்களும் ஒரு பக்கம் பிடிச்சிக்கிடுங்க. விட்டுட்டியளா? எப்ப விட்டிய?

வெயிட்டே இல்ல அண்ணாச்சி. ஒரு துணி பண்டல் இதவிட வெயிட்டா இருக்கும். என்னமா சூடா இருக்கா. முழிச்சிக்கிட்டு என் மூஞ்சியவே பாக்கா. கண்ணச் சிமிட்டக் கூட இல்ல. இவளுக்கு எங்கம்மா நெத்தி. யாருமே எங்கிட்ட சொல்லலையே, எங்கம்மா நெத்தின்னு.

விரலப் பிடிச்சிட்டா. விரல இழுக்கா. அண்ணாச்சி, வாயில வைக்கா! கம்பியப் பிடிச்ச விரலு, வாயில வச்சு சப்புதா. எடுக்கவா? எடுத்தா அழுவாளோ?

இருக்கட்டும்.

என்னது, யாரு கத்துறது? கனியா? என்ன சொல்லுதா? "என்னங்க, கை கழுவினியளா?"ன்னா கேக்கா? இத்தன பேருக்கு முன்னால. பாருங்க, பஸ்ஸே சிரிக்கு. நீங்களுந்தான் சிரிக்கிய. அவள எட்டிப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி, என்னால திரும்ப முடியல. சிரிக்காளா? நல்லாவா? பல்லு தெரியச் சிரிக்காளா?

சிரிக்கட்டும், சிரிக்கட்டும்.

கோவில்பட்டி வந்தா கொஞ்சம் சொல்லுங்க அண்ணாச்சி. நான் வெளிய பாக்கல.